கைராசிக்காரி நட்ட செடி

ஊசியைக் கண்டாலே ஊரைக் கூட்டுகிற ஆட்கள்கூட அவளிடம் வந்தால் பேசாமல் கையை நீட்டிவிடுவார்கள். ரத்தப் பரிசோதனை நிலையத்தில் ஜன்னலோர நாற்காலி அவளுடையது. முழங்கைக்கு மேலே ரப்பர் பட்டையைக் கட்டுவாள். இரண்டு விரலால் நரம்பைத் தடவிப் பார்ப்பாள். "நேத்து நல்லாத் தூங்கினீங்களா, இல்ல செல்போனை நோண்டிக்கிட்டு இருந்தீங்களா?" என்று சம்பந்தமே இல்லாமல் எதையாவது கேட்பாள். ஆள் பதிலை யோசித்து முடிப்பதற்குள் குழாயில் ரத்தம் ஏறியிருக்கும், பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டிருப்பாள். "அதுக்குள்ள குத்தியாச்சா?" என்று கேட்டவர்கள் ஏராளம். அப்படி வந்த பெயர்தான் கைராசிக்காரி. சட்டையில் மாட்டியிருந்த அட்டையில் அவளுடைய சொந்தப் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அதை யாரும் படித்ததாகத் தெரியவில்லை.

கைராசியாவது மண்ணாவது. அது வெறும் பழக்கம். வருஷக் கணக்கில் தடவித் தடவி விரலுக்கு வந்த புத்தி. அவளுக்கே அது தெரியும். ஆனால் யாராவது புகழ்ந்தால் "அதெல்லாம் ஒண்ணுமில்லீங்க" என்று வாய் சொல்லும்போதே, இன்னொரு தடவை சொல்ல மாட்டார்களா என்று காது காத்துக்கொண்டிருக்கும். இதில் தப்பு ஒன்றும் இல்லை, நம்மில் பாதிப் பேர் அப்படித்தான். மீதிப் பேர் ஒத்துக்கொள்வதில்லை.

ஒரு விஷயத்தில் அவளை மெச்சத்தான் வேண்டும். ஊசி தவறிவிட்டால் மற்றவர்கள், "உங்க நரம்பு வழுக்குதுங்க", "தண்ணி குடிக்காம வந்திருக்கீங்க" என்று பழியை நோயாளியின் தலையில் கட்டிவிடுவார்கள். அவள் அப்படிச் செய்ததே இல்லை. "தப்பு என்னோடது. இன்னொரு தடவை குத்தணும், மன்னிச்சுக்குங்க" என்று முகத்தைப் பார்த்தே சொல்வாள். பொய் சொல்லிப் பிழைக்கிற ரகம் இல்லை அவள். பின்னால் நடந்ததைக் கேட்டுவிட்டு அவளைப் பெரிய கைகாரி என்று யாரும் நினைத்துவிடக் கூடாது.

அவளுடைய பாடெல்லாம் நாத்தனாரிடம்தான்.

நாத்தனார், அதாவது கணவனுடைய அக்கா, ஓர் அச்சகத்தில் பிழை திருத்துகிறவராக இருந்து ஓய்வு பெற்றவர். கல்யாணம் வேண்டாம் என்று இருந்துவிட்டவர், தம்பியைத் தூக்கி வளர்த்து ஆளாக்கியவர். வேலையை விட்டாலும் சிவப்புப் பேனாவை அவர் கண் விடவில்லை. அழைப்பிதழை நீட்டினால் வாழ்த்துக்கு முன்னால் "தேதிக்கும் கிழமைக்கும் ஒத்து வரலையே" என்பார். தம்பி வீட்டுக்கு வந்தால், "திரைச்சீலை நல்ல கலர்தான். ஆனா ஒரு பக்கம் இறங்கியிருக்கு" என்பார். "சமையல் நல்லாத்தான் இருக்கு. ஆனா உப்பு ஒரு கல் தூக்கல்." அந்த 'ஆனா' இல்லாமல் நாத்தனார் வாயிலிருந்து ஒரு வாக்கியம் வந்து கைராசிக்காரி கேட்டதில்லை. திட்டமாட்டார், குத்திக் காட்டமாட்டார், கெட்ட வார்த்தை என்ற பேச்சுக்கே இடமில்லை. திருத்துவார், அவ்வளவுதான். ஊரே தன் கையைக் கொண்டாடுகிறது, இந்த ஒரு மனுஷியிடம் மட்டும் பாஸ் மார்க் வாங்க முடியவில்லையே என்று அவளுக்கு உள்ளுக்குள் ஓர் அரிப்பு.

"அக்கா என்னையே நல்லா இருக்கேன்னு சொன்னதில்ல, நீ வேற" என்பான் கணவன், சோபாவில் இருந்து எழுந்திருக்காமலே.

ஓய்வு பெற்ற கையோடு நாத்தனார் ஊர்க்கோடியில் சின்னதாக ஒரு வீடு வாங்கினார். வீட்டுக்குப் பின்னால் கொஞ்சம் மண். அதைப் பார்க்கப் போகும்போது வெறுங்கையோடா போவது என்று கைராசிக்காரி வழியில் ஒரு நர்சரியில் நுழைந்தாள். அங்கேதான் அந்தச் செடி அவள் கண்ணில் பட்டது. முழங்கால் உயரம். ஒவ்வொரு இலைக்கும் யாரோ உட்கார்ந்து துணிக்குக் கரை வைத்துத் தைத்தது போல ஓரமெல்லாம் வெள்ளை. நிழலில் இருந்தும் அந்த மூலையே விளக்குப் போட்ட மாதிரி இருந்தது. பெயர் கேட்டாள். கடைப் பெண் வாயில் நுழையாத ஒன்றைச் சொல்லிவிட்டு, "நாங்க வெள்ளைக்கரைன்னுதான் சொல்வோம்" என்றாள். இரண்டு வாங்கினாள். ஒன்று தன் ஃப்ளாட் பால்கனிக்கு, ஒன்று நாத்தனாருக்கு.

காசை வாங்கிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: "தொட்டியிலேயே வைங்கக்கா. மண்ணுல மட்டும் இறக்கிடாதீங்க. இறக்கினீங்கன்னா அப்புறம் தோட்டம் அதோடது, நீங்க வாடகைக்கு இருக்கணும்."

கைராசிக்காரி சிரித்தாள். காது நன்றாகக் கேட்டது. புரியவும் புரிந்தது. இதைக் கொஞ்சம் அழுத்தியே சொல்ல வேண்டியிருக்கிறது.

நாத்தனார் வீட்டில் காபி குடித்து முடித்ததும் தோட்டத்தைச் சுற்றிக் காட்டினார். வேலியோரம் ஒரு மூலையில் வீடு கட்டியபோது கொட்டிய சிமென்ட்டும் செங்கல் பொடியுமாக மண் செத்துக் கிடந்தது. "இங்க என்ன வச்சாலும் வர மாட்டேங்குது. மூணு தடவை ரோஜா வச்சுப் பாத்துட்டேன். உன் கையில கொண்டு வந்திருக்கியே, அது பிடிக்குமா?" என்று கேட்டார். நாத்தனார் அவளிடம் ஒன்றைக் கேட்டு, அதற்குப் பதில் 'பிடிக்கும்' என்று இருந்தது அதுதான் முதல் தடவை. கடைப் பெண் சொன்னது நாக்கின் நுனிவரை வந்தது. அதை விழுங்கிவிட்டு, தொட்டியைக் கவிழ்த்துத் தட்டி, செடியை மண்ணில் இறக்கித் தண்ணீர் ஊற்றினாள்.

பிடித்தது. பிடித்தது என்றால் சாதாரணமாகவா! அடுத்த தடவை போனபோது அந்த மூலை முழுக்க வெள்ளைக்கரை. நாத்தனார் வாசலிலேயே நின்று, "உன் கைக்கு ஏதோ ராசி இருக்குடி" என்றார். அவள் 'ஆனா'வுக்காகக் காத்திருந்தாள். வரவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அவளுக்குத் தலைகால் புரியவில்லை. கணவனிடம் வரி பிசகாமல் நான்கு தடவை சொன்னாள். அவன் "சரி, சரி, நீ ஜெயிச்சுட்ட" என்று டிவி சத்தத்தைக் கூட்டினான்.

அதற்கப்புறம் அது ஒரு வழக்கமாகிவிட்டது. மற்ற செடிகளை நாத்தனார் தானே நடுவார். வெள்ளைக்கரையை மட்டும் தொடமாட்டார். "அது உன் கைக்குத்தான் கட்டுப்படும்" என்று அவள் வரும்வரை வைத்திருப்பார். அவள் வந்து கொத்தாகக் கிளறி எடுத்து, வேரைத் துண்டுதுண்டாகப் பிரித்து, பாதையோரம், குழாயடி, வேலி நெடுக என்று நட்டுவிட்டுப் போவாள். விரல் நீளத் துண்டு போதும், அதிலிருந்து ஒரு செடி கிளம்பிவிடும். இந்த லட்சணத்தில் கைராசி வேறு! பால்கனியில் இருந்த தன் தொட்டியின் அடி ஓட்டை வழியாக நூடுல்ஸ் மாதிரி வேர் வெளியே வருவதை அவள் வாராவாரம் பார்த்தாள். கத்தரிக்கோலால் வெட்டிக் குப்பையில் போட்டாள். நாத்தனாரிடம் மூச்சு விடவில்லை. நாள் ஆக ஆகச் சொல்வது இன்னும் கஷ்டமாகிவிட்டது. ஒரு புகழுக்கு ஒரு மௌனம் என்று சேர்ந்து சேர்ந்து அடுக்கு உயர்ந்துவிட்டது.

வேலிக்கு அந்தப் பக்கம் லிஃப்ட்காரர். ஊரில் உள்ள மாடிக் கட்டடங்களுக்கெல்லாம் லிஃப்ட் ரிப்பேர் செய்கிறவர். மனைவி பிரிந்து போய்விட்டதால் தனிக்கட்டை. வேலையில்லாத நேரத்தில் வேலியோரம் பீன்ஸும் தக்காளியும் போட்டிருந்தார். வாயில் விரலை வைத்தால் கடிக்கத் தெரியாத மனுஷன். லிஃப்டில் மாட்டுகிற 'பழுது பார்க்கப்படுகிறது' அட்டைகளை எழுதியதும் நேராக நாத்தனாரிடம் கொண்டுவந்து, "பிழை இருக்காங்க?" என்று வேலிக்கு மேலே நீட்டுவார். நாத்தனார் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சிவப்புப் பேனாவால் திருத்திக் கொடுப்பார். பதிலுக்குத் தக்காளி வரும், கதவுத் தாழ்ப்பாள் சரியாகும், அழைப்பு மணி மறுபடி அடிக்கும். நாத்தனார் வாய்விட்டுச் சிரித்ததைக் கைராசிக்காரி பார்த்ததெல்லாம் அந்த வேலியோரத்தில்தான். தனியாக இருக்கிற இரண்டு பேருக்கு அந்த வேலி ஒரு பெரிய ஒத்தாசையாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் நாத்தனார் போன் செய்தார். "உடனே கிளம்பி வா. என் வெள்ளைக்கரையை எதுவோ கொல்லுது."

போய்ப் பார்த்தாள். வெள்ளைக்கரைக்கு நடுவே பட்டைபட்டையாகப் பச்சை. கரையே இல்லாத முழுப் பச்சை இலை, அதைவிட உயரம், அதைவிட முரடு. வேலிப் பக்கம் வெள்ளையைக் காணவே காணோம். நாத்தனாருடைய ரோஜாவைச் சுற்றியும் பச்சை, லில்லிக் கிழங்கு வைத்த இடமும் பச்சை. வேலிக்கு அந்தப் பக்கம் பீன்ஸ் கொடிக்கு அடியிலும் அதே பச்சை.

"பாத்தியா? அங்க இருந்துதான் வருது. களையை வளர விட்டுட்டாரு மனுஷன். நீ பாத்துச் சொல்லு, உனக்குத்தான் தெரியும்" என்றார் நாத்தனார்.

கைராசிக்காரி குனிந்து ஒரு பச்சைச் செடியைப் பிடித்து இழுத்தாள். வேர் நீளமாக உருவிக்கொண்டு வந்தது. அந்த ஒரே வேரில் இந்த முனையில் பச்சை இலை, கொஞ்சம் தள்ளி வெள்ளைக்கரை இலை. இரண்டும் ஒன்றுதான். வெள்ளை பாதி வழியில் கரையைத் தொலைத்துவிட்டுப் பச்சையாகியிருந்தது. கரை போனதும் வேகம் கூடியிருந்தது. வேலிக்கு அடியில் நுழைந்து போனதும் இங்கிருந்துதான். அவள் நட்டது. அவள் கையால் வேலி நெடுக நட்டது.

நாத்தனார் முதுகுக்குப் பின்னால்தான் நின்றிருந்தார். மூன்று வார்த்தை போதும். 'அண்ணி, இது நம்மளோடதுதான்.' அவ்வளவே. அவள் வேரைச் சுருட்டிக் கைக்குள் அடக்கினாள். கைப்பையைத் திறந்து கைக்குட்டை எடுப்பது போல உள்ளே போட்டு மூடினாள்.

"இது வேற, அண்ணி. அந்தப் பக்கத்துல இருந்துதான் வந்திருக்கு" என்றாள்.

சொல்லும்போது குரல்கூட நடுங்கவில்லை. அதை நினைத்துத்தான் பின்னால் அவளுக்கு உடம்பு கூசியது.

நாத்தனார் அங்கேயே வேலியோரம் போய்க் கூப்பிட்டார். லிஃப்ட்காரர் கையில் கிரீஸோடு வந்தார். வழக்கம் போல அட்டை ஏதோ திருத்தக் கூப்பிடுகிறார் என்று நினைத்தாரோ என்னவோ, சிரித்துக்கொண்டே வந்தார்.

"என்ன வச்சிருக்கீங்க உங்க பக்கத்துல? என் தோட்டமே போச்சு!"

"நான் எதுவும் வைக்கலீங்களே. பீன்ஸு, தக்காளி, அவ்வளவுதான்."

"அப்ப வானத்துல இருந்து விழுந்துச்சா? தெரிஞ்சவ பாத்துச் சொல்றா. கேளுங்க அவளையே."

லிஃப்ட்காரர் கைராசிக்காரியைப் பார்த்தார். பரிசோதனை நிலையத்தில் அவளிடம் கை நீட்டியிருக்கிறார். "சிஸ்டர் சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். அவள் தலையை ஆட்டினாள். ஆமாம் என்றா இல்லை என்றா என்று அவளுக்கே தெரியாத ஓர் ஆட்டல்.

அவர் சிரித்துவிட்டு, "செடிதானேங்க, பறிச்சிடலாம்" என்று சொன்னதுதான் வினையாகிப் போனது. நாத்தனார் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. "பறிச்சிடலாமா? வீட்டுல ஒரு பொம்பளையத் தங்க வைக்கத் துப்பில்லாதவருக்கு, தோட்டத்தைக் காப்பாத்த எங்க துப்பு இருக்கும்?"

வாழ்நாள் முழுவதும் அடுத்தவர் வார்த்தையைத் திருத்தியவர் அப்படி ஒன்றைச் சொல்வார் என்று அவரே நினைத்திருக்கமாட்டார். சொன்ன உடனே வாயை மூடிக்கொண்டார். லிஃப்ட்காரர் முகத்தில் ஈயாடவில்லை. "சரிங்க. எடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். கைராசிக்காரிக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது. பிடுங்கிக்கொள்ளவில்லை. மத்தியானச் சாப்பாட்டை அங்கேயே சாப்பிட்டுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

அன்று சாயங்காலம் கணவனிடம் எல்லாவற்றையும் கொட்டினாள். அவன் அபூர்வமாக எழுந்து உட்கார்ந்தான். "அக்காகிட்ட இப்பச் சொல்லாத. வெயில் காலம் வரட்டும், எல்லாம் தானா காஞ்சு செத்துடும். யாருக்கும் தெரியாது" என்றான்.

"சாகாது. வேர் சாகாது."

"அப்ப மழைக் காலத்துல சொல்லிக்கலாம்" என்று மறுபடி சாய்ந்துகொண்டான்.

சொல்லாமலே நாள் போனது. நாத்தனார் போனில் சொல்லச் சொல்லத்தான் அவளுக்குத் தெரிந்தது. லிஃப்ட்காரர் பீன்ஸ் பந்தலைப் பிரித்துவிட்டார். தக்காளியைப் பிடுங்கி எறிந்துவிட்டார். ஒரு முழ ஆழத்துக்கு வேலி நெடுகத் தோண்டிவிட்டார். கறுப்பு பிளாஸ்டிக் விரித்துச் செங்கல் வைத்துவிட்டார். "ஆனா இப்ப அட்டை எதுவும் கொண்டு வர்றதில்ல. எதிர்ல பாத்தாலும் பேசறதில்ல" என்றார் நாத்தனார், கடைசியில், வேறு எதையோ சொல்வது போல. "பச்சை மட்டும் போன பாடில்ல." கைராசிக்காரி "ம்" கொட்டினாள். போனை வைத்ததும் போய்க் கையைக் கழுவினாள். கை அழுக்காக இருந்தது என்று இல்லை.

பிறகு ஒரு நாள் காலை லிஃப்ட்காரர் பரிசோதனை நிலையத்துக்கு வந்தார். சர்க்கரை இருக்கிறதா என்று பார்க்கச் சொல்லி டாக்டர் அனுப்பியிருந்தார். வேறு இரண்டு நாற்காலி காலியாக இருந்தும், "அந்த சிஸ்டரே எடுக்கட்டும்" என்று அவள் முறைக்காகக் காத்திருந்து வந்து உட்கார்ந்தார். கையை நீட்டி விரித்தார். உள்ளங்கை முழுக்க மண்வெட்டிக் கொப்புளம், உடைந்ததும் உடையாததுமாக.

"தோண்டினதுதான்" என்றார் அவள் பார்ப்பதைப் பார்த்து. "உங்க நாத்தனார்கிட்ட சொல்லுங்க சிஸ்டர், முழுசா எடுத்துட்டேன். மறுபடி மறுபடி வருது, நானும் விடல. என் பக்கத்துல இருந்து வந்ததுக்கு நான்தானே பொறுப்பு."

அவள் பட்டையைக் கட்டினாள். அவருடைய நரம்பு கயிறு மாதிரி தெளிவாகத் தெரிந்தது, கண்ணை மூடிக்கொண்டு குத்தலாம். குத்தினாள். தவறிவிட்டது. உருவிப் பஞ்சை வைத்தாள். "தப்பு என்னோடது" என்று பழக்கத்தில் வாய் சொன்னது. "மன்னிச்சுக்குங்க, இன்னொரு தடவை குத்தணும்."

"பரவாயில்ல சிஸ்டர். என் நரம்புதான் சரியில்ல போல."

அந்தப் பேச்சில்தான் அவள் உடைந்தாள். அடுத்தவர் பழியையும் தன் தலையில் ஏற்றிக்கொள்கிற மனுஷனிடம் இன்னும் எத்தனை நாள் மறைப்பது? ஊசியைத் தட்டில் வைத்தாள்.

"உங்க நரம்பு நல்லாத்தான் இருக்கு. செடியும் உங்களோடது இல்ல. அது நான் நட்டது. அந்த வெள்ளைக்கரையும் பச்சையும் ஒண்ணுதான். வேரை இழுத்துப் பாத்தேன், ரெண்டு இலையும் அதுலயே இருந்துச்சு. பாத்துட்டுத்தான் உங்க பக்கம்னு சொன்னேன்."

லிஃப்ட்காரர் கையை மெல்ல இழுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"எதுக்கு?"

"அண்ணி என்னை நல்லா சொன்னாங்க. அது போயிடக் கூடாதுன்னு." கேட்கவே கேவலமாக இருந்தது. ஆனால் காரணம் அதுதான், வேறு பெரிதாக எதுவும் இல்லை.

"பீன்ஸ் போனா போகுது சிஸ்டர்" என்றார் அவர். "அவங்க ஒண்ணு சொன்னாங்கல்ல, துப்பில்லைன்னு. யாரு எதைக் குடுத்தாலும் என்கிட்ட நிக்காது போலன்னு நானும் நம்பிட்டேன். தோண்டும்போதெல்லாம் அதையேதான் நினைச்சுக்கிட்டு தோண்டினேன்."

அவளால் தலையை நிமிர்த்த முடியவில்லை.

"அவங்களுக்குத் தெரியுமா?"

"இன்னிக்குப் போய்ச் சொல்லிடறேன்."

அவர் எழுந்தார். கோபமாகக்கூட இல்லை, அதுதான் கொடுமை. "வேற யாராவது எடுப்பாங்களா?" என்று கேட்டுவிட்டு அடுத்த நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து அந்தக் கையையே அங்கே நீட்டினார். முதல் குத்திலேயே ரத்தம் வந்தது.

வேலை முடிந்ததும் அவள் வீட்டுக்குப் போகாமல் நேராக நாத்தனார் வீட்டுக்கு பஸ் ஏறினாள். நாத்தனார் தோட்டத்தில் முட்டி போட்டு உட்கார்ந்து, சின்னக் கத்தரிக்கோலால் பச்சை இலைகளை மட்டும் ஒவ்வொன்றாக நறுக்கிக்கொண்டிருந்தார். வெள்ளைக்கரைமேல் ஒரு கீறல் விழாமல் அவ்வளவு பக்குவமாக நறுக்கினார். அவளைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "வந்துட்டியா! வா, உன் கையால..."

"அண்ணி, அதைக் கொஞ்சம் வைங்க."

அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். விளக்கிக்கொண்டிருக்கவில்லை. மண்ணில் விரலை விட்டு வேரோடு ஒரு கொத்தை உருவி நாத்தனார் கையில் கொடுத்தாள். நாத்தனார் கண்ணாடியைச் சரி செய்துகொண்டு அந்த வேரை இந்த முனையில் இருந்து அந்த முனைவரை, அச்சுத் தாளைப் படிப்பது போல, விரல் வைத்துப் பார்த்தார். பச்சை. வெள்ளை. மறுபடி பச்சை. திரும்பவும் முதலில் இருந்து பார்த்தார்.

"இதை நான் எப்படிப் பாக்காம விட்டேன்?"

"நான் பாத்தேன், அண்ணி. அன்னிக்கே பாத்தேன். பைக்குள்ள போட்டு மறைச்சிட்டேன். மண்ணுல வைக்காதீங்கன்னு கடையிலயே சொன்னாங்க. அதையும் நான் சொல்லல."

திட்டுவார் என்று குனிந்திருந்தாள். திட்டினால் தேவலை என்றும் இருந்தது. நாத்தனார் திட்டவில்லை. வேலிக்கு அந்தப் பக்கம் விரித்திருந்த கறுப்பு பிளாஸ்டிக்கையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் உதடு மட்டும் அசைந்தது. என்ன வார்த்தையைத் தனக்குள் சொல்லிப் பார்க்கிறார் என்று கைராசிக்காரிக்குத் தெரிந்தது.

"அந்த மனுஷனை என்ன கேட்டுட்டேன் நான்" என்றார். முழங்காலில் கையை ஊன்றி எழுந்தார்.

"அண்ணி, நான் காலையில..."

"நீ பேசாம இரு. நான் பாத்துக்கறேன்."

குழாயடியில் கையைக் கழுவிக்கொண்டு வேலியோரம் போய்க் கூப்பிட்டார். லிஃப்ட்காரர் வந்தார். இந்தத் தடவை சிரித்துக்கொண்டு வரவில்லை. கொஞ்சம் தள்ளியே நின்றார்.

"உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கணும்" என்றார் நாத்தனார். "அந்தப் பச்சை எங்க பக்கத்துச் செடிதான். நான்தான் கடையில பாத்து ஆசைப்பட்டு வாங்கிட்டு வந்து நட்டேன். மண்ணுல வைக்கக் கூடாதுன்னு சொன்னாங்க, நான்தான் கேக்கல. இவளுக்கு ஒண்ணும் தெரியாது. அன்னிக்கு நான் சொல்லச் சொன்னேன், சொன்னா. அவ்வளவுதான். அவ மேல எதுவும் வச்சுக்காதீங்க. நான் அன்னிக்குப் பேசின பேச்சு மனுஷங்க பேசற பேச்சே இல்ல."

தேதிக்கும் கிழமைக்கும் ஒத்து வராததைக்கூடப் பொறுக்காதவர், ஒரு வாக்கியம் விடாமல் பொய் சொன்னார். தம்பி பெண்டாட்டியைக் காப்பாற்ற.

லிஃப்ட்காரர் நாத்தனாரைப் பார்க்கவில்லை. நாத்தனாருக்குப் பின்னால் நின்றிருந்தவளைப் பார்த்தார். காட்டிக்கொடுக்கிற பார்வை இல்லை. பேசாமல் இருந்தால் அவரும் பேசாமல் இருந்துவிடுவார் என்று தெரிந்தது. அவள் அப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"அண்ணி, அவருக்குத் தெரியும். காலையிலயே நான் சொல்லிட்டேன்."

நாத்தனார் திரும்பினார். "காலையிலயா?"

"ம்."

"எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும்."

நாத்தனாருக்குக் காதுவரை சிவந்துவிட்டது. அவள் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. லிஃப்ட்காரர் வேலியின் பக்கக் கதவைத் திறந்துவிட்டு, "உள்ள வந்து உக்காருங்க. நின்னுக்கிட்டு இருக்காதீங்க" என்றார். அதை நாத்தனாரிடம் மட்டும்தான் சொன்னார். நாத்தனார் ஓர் அடி வைத்துவிட்டு நின்றார்.

"அவர்கிட்ட முதல்ல சொன்னது சரிதான். பழி சுமந்தவர் அவர்தானே" என்றார் மெதுவாக. "ஆனா நான் ஆரம்பிக்கும்போதே தடுத்திருக்கலாமே. கடைசி வரைக்கும் என்னை ஏன் பொய் சொல்ல விட்ட?"

'நீங்கதான் பேசாம இருன்னு சொன்னீங்க' என்று ஒரு பதில் தயாராக இருந்தது. அது உண்மையும்கூட. ஆனால் அதைவிடப் பெரிய உண்மை ஒன்று இருந்தது. நாத்தனார் ஒவ்வொன்றாகத் தன் தலையில் போட்டுக்கொள்ளக் கொள்ள, அதைக் கேட்டுக்கொண்டு பின்னால் நிற்பது அவளுக்கு இதமாக இருந்தது. அதனால்தான் முடியும்வரை கேட்டாள். அதை எப்படிச் சொல்வது?

நாத்தனார் பதிலுக்காகச் சற்று நேரம் நின்றார். பிறகு கதவைத் தாண்டி அந்தப் பக்கம் போனார்.